நாணில் விரல், வில்லில் வளைவு

ஒரே வில்லை இரண்டு பேர் மாறி மாறி இழுக்கிறார்கள். ஒருவர் கையில் அது அசையாமல் நேராக நிற்கிறது. அடுத்தவர் இழுக்கும்போது மேல்நுனி அவர் முகத்தை நோக்கிச் சாய்கிறது. அம்பை விட்டதும் கைப்பிடி உள்ளங்கையில் அதிர்கிறது, அம்பும் வாலை ஆட்டிக்கொண்டு போகிறது. இரண்டாமவர் தன் கையைக் குறை சொல்வார், இல்லையென்றால் வில் செய்தவரைக் குறை சொல்வார். ஆனால் வில்லும் சரிதான், ஆளும் சரிதான். இருவரும் நாணைப் பிடித்த இடம்தான் வேறு. அந்த வில் முதலாமவர் பிடிப்பதுபோல் பிடிக்கும் விரல்களுக்காகச் சீவப்பட்டது.

வில் பழகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது எத்தனை பவுண்டு இழுவை உள்ள வில் வாங்கலாம் என்பதைத்தான். நாணில் விரலை எங்கே வைப்பது, அதற்கேற்ப வில் எப்படி வளைய வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. மரத்திலோ மூங்கிலிலோ செய்த பழைய பாணி வில்லை எடுக்கும் எவரும் முதலில் கேட்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. நாணின் நீளத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

வில்லை மூன்று பகுதிகளாகப் பார்க்கலாம். நடுவில் கைப்பிடி, அதற்கு மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு. இந்தத் தண்டுகளைப் பயிற்சித் திடல்களில் லிம்ப் என்கிறார்கள். நாணை ஏற்றியபின், மேல்தண்டு கைப்பிடியோடு சேரும் இடத்திலிருந்து நாண் வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். கீழ்தண்டிலும் அதே போன்ற இடத்திலிருந்து அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் டில்லர். மேலே உள்ள தூரம் அதிகமாக இருந்தால் பாசிட்டிவ் டில்லர், அதாவது மேல்தண்டு கொஞ்சம் இளக்கமானது, அதிகம் வளைகிறது. இரண்டும் சமமாக இருந்தால் சம டில்லர். கீழே அதிகமாக இருந்தால் நெகட்டிவ். கைப்பிடியிலேயே தண்டு கலந்துபோகிற ஒரே துண்டு மூங்கில் வில்லில் சேருமிடம் தெளிவாகத் தெரியாது. அப்போது கைப்பிடி நடுவிலிருந்து மேலும் கீழும் ஒரே தூரத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, அந்த இடங்களில் அளந்தால் சரி.

இரண்டு தண்டும் சரிசமமாக வளைவதுதானே நல்ல வில் என்று தோன்றும். அம்பு வில்லின் நட்ட நடுவில் புறப்படுமானால் அப்படித்தான். ஆனால் நட்ட நடுவில் இருப்பது நம் முஷ்டி. அம்பு முஷ்டிக்கு மேலேதான் உட்கார முடியும். கைப்பிடியை வில்லின் மையத்தில் பிடித்தால் அம்பு மையத்துக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் மேலே இருக்கும். நாணில் அம்பின் வால் பொருந்தும் இடத்தை அதற்கும் அரை சென்டிமீட்டர் உயர்த்தி வைப்பது வழக்கம். ஆக நாணின் மையத்துக்கு நாலரை சென்டிமீட்டர் மேலே அம்பு. விரல்கள் அதைச் சுற்றித்தான் பிடிக்க வேண்டும்.

இங்கே இரண்டு வழி பிரிகிறது. ஒன்று, ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே, நடுவிரலும் மோதிர விரலும் அம்புக்குக் கீழே. ஒலிம்பிக்கில் பார்ப்பது இதுதான். இன்னொன்று, மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைப்பது. இப்படிப் பிடித்தால் அம்பு கண்ணுக்குப் பக்கத்தில் வரும், குறிக்கருவி இல்லாமல் அம்பு நுனியை வைத்தே குறி பார்ப்பவர்களுக்கு வசதி. இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது? ஒரு விரல் மேலேயிருந்து கீழே இறங்கியது, அவ்வளவுதான். ஆனால் மூன்று விரலும் சேர்ந்து நாணை இழுக்கிற மையப் புள்ளி அதனால் ஏறத்தாழ ஒரு விரற்கடை, சுமார் 2 சென்டிமீட்டர், கீழே வந்துவிடுகிறது.

இதை எண்ணில் பார்ப்போம். நாணின் நீளம் 160 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி 80. அம்புக்கு மேலே ஒன்று கீழே இரண்டு என்று பிடித்தால், மூன்று விரலும் சம பலத்தோடு இழுக்கும்போது இழுவையின் மையம் அம்புக்கு 1 சென்டிமீட்டர் கீழே விழும், அதாவது நாணின் மையத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர் மேலே. அந்தப் புள்ளியிலிருந்து மேல்நுனிக்கு நாண் 76.5, கீழ்நுனிக்கு 83.5. இரண்டுக்கும் 7 சென்டிமீட்டர் வித்தியாசம். மூன்று விரலும் கீழே இருந்தால் மையம் ஒன்றரை சென்டிமீட்டர் மேலேதான் இருக்கும். நாண் 78.5க்கும் 81.5க்குமாகப் பிரியும். வித்தியாசம் 3 சென்டிமீட்டர். விரலின் தடிமனுக்கும் கைப்பிடியின் வடிவத்துக்கும் ஏற்ப இந்த எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் விகிதம் இதுதான்.

இப்போது வில்லைச் சாய்க்காமல், விரலை நேர் பின்னால் இழுத்துப் பாருங்கள். மேலே நாண் குட்டை, கீழே நெட்டை. நாண் நீளாது. ஆகவே குட்டை நாண் இருக்கிற பக்கத்து நுனிதான் அதிகம் இறங்கி வர வேண்டும். மேல்தண்டு அதிகம் வளைந்தால்தான் வில் நேராக நிற்கும். இரண்டு தண்டும் ஒரே வலுவாக இருந்தால் என்ன ஆகும்? மேல்தண்டு மட்டும் கூடுதலாக வளைய ஒப்புக்கொள்ளாது. அதற்குப் பதிலாக முழு வில்லும் கைக்குள் திரும்பி மேல்நுனியை நம் பக்கம் சாய்க்கும். தொடக்கத்தில் சொன்ன இரண்டாமவருக்கு நடந்தது அதுதான்.

இந்த இடத்தில் பலர் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. விரல் மேலே இருப்பதால் மேல்தண்டின் மேல் பாரம் அதிகம் விழுகிறது என்பார்கள். அது சரியில்லை. வில்லைத் தாங்குவது ஒரே ஒரு இடம், இடது உள்ளங்கை. அந்த இடத்தைச் சுற்றி வில் சுதந்திரமாகத் திரும்பக்கூடியது. அதனால் கை வில்லின் மையத்தில் இருக்கும்வரை, இரண்டு தண்டும் அந்த இடத்தைச் சுற்றித் திருக்கும் விசை சமமாகும் வரை வில் திரும்பிக்கொண்டே போகும், சமமானதும் நிற்கும். பாரம் எப்படியும் சமமாகிவிடும். சமமான பாரத்தில் எது அதிகம் வளைகிறது என்பதுதான் கேள்வி. மேல்தண்டு கொஞ்சம் இளக்கமாக இருந்தால் அதுவே கூடுதலாக வளைந்துகொடுக்கும், வில் திரும்ப வேண்டியதில்லை. மேல்தண்டை இளக்குவதற்கு இதுதான் காரணம்.

ஆகவே ஒன்று மேலே இரண்டு கீழே பிடிப்பவர்களுக்கு வில் செய்பவர்கள் 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை பாசிட்டிவ் டில்லர் வைக்கிறார்கள். மூன்றும் கீழே பிடிப்பவர்களுக்குச் சம டில்லரிலிருந்து 3 மில்லிமீட்டருக்குள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாத அளவு இது. கைக்குத் தெரியும்.

இனி இதைச் செய்கிற விதம். மதுரைப் பக்கம் கம்புக்கடைகளில் கிடைக்கும் கல்மூங்கிலே பழகுகிற வில்லுக்குப் போதும். உள்ளே பொந்து இல்லாமல், அல்லது மிகச் சிறிய பொந்தோடு, சுவர் கனமாக இருக்கும் மூங்கில் அது. சிலம்பத்துக்குக் கம்பு பொறுக்குபவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதையே நாமும் பார்க்க வேண்டும்: கணுக்கள் நெருக்கமா, வளைவு ஒரே பக்கமா, அடி எது, நுனி எது. மூங்கில் அடியில் தடிமன், நுனியில் மெலிவு. இந்த இயல்பே நமக்குப் பாதி வேலையைச் செய்து தருகிறது. அடிப்பக்கம் கீழ்தண்டாகவும் நுனிப்பக்கம் மேல்தண்டாகவும் வைத்தால், சீவத் தொடங்கும் முன்பே மேல்தண்டு இளக்கமாக இருக்கும். தலைகீழாக வைத்துவிட்டால் அந்தத் தடிமனை எல்லாம் சுரண்டித் தள்ள வேண்டியிருக்கும்.

மூங்கிலைப் பிளந்து, பச்சைத் தோல் இருந்த பக்கத்தை எய்பவருக்கு எதிர்ப்புறம், அதாவது வில்லின் முதுகாக, வைக்க வேண்டும். வில் வளையும்போது முதுகு இழுபடுகிறது, எய்பவரைப் பார்த்த பக்கமான வயிறு அமுங்குகிறது. மூங்கிலில் இழுவிசை தாங்கும் நார்கள் தோலையொட்டித்தான் நெருக்கமாக இருக்கின்றன. அதனால் முதுகில் கத்தி படக்கூடாது. சுரண்டுவதெல்லாம் உள்பக்கத்தில். வாச்சியால் பெரும்பகுதியைச் செதுக்கி, பிறகு அரம், கடைசியில் கண்ணாடிச் சில்லும் உப்புத்தாளும். எங்கே விறைப்பாக நிற்கிறதோ அங்கே நாலு இழுப்பு சுரண்டுவது, வில்லை முப்பது தடவை மெதுவாக வளைத்துப் பழக்குவது, மறுபடி பார்ப்பது. அதிகம் வளைகிற இடத்தை ஒருபோதும் தொடக்கூடாது. அதைச் சுற்றியுள்ள இடங்களைத்தான் இளக்க வேண்டும்.

எல்லாம் தெரிந்தவர்கள்கூடத் தவறுகிற இடம் ஒன்று உண்டு. வளைவைப் பார்ப்பதற்குச் சுவரில் ஒரு மரக்கட்டையை அறைந்து, அதில் கைப்பிடியை உட்கார வைத்து, நாணில் ஒரு கொக்கி மாட்டி, கப்பி வழியாகக் கயிற்றை இழுப்பார்கள். இழுப்பவர் பத்தடி தள்ளி நின்று இரண்டு தண்டின் வளைவையும் ஒருசேரப் பார்க்கலாம், வசதியான ஏற்பாடு. கொக்கியைப் பெரும்பாலும் நாணின் நட்ட நடுவில் மாட்டிவிடுகிறார்கள். கட்டை கைப்பிடியை அகலமாகத் தாங்கிக்கொண்டிருக்கும். அப்படிப் பார்த்தால் இரண்டு தண்டும் அழகாக, சமமாக வளையும். வில்லைக் கையில் எடுத்து விரலால் இழுத்ததும் அந்த அழகு போய்விடும். ஏனென்றால் இந்த வில்லை யாரும் நட்ட நடுவில் இழுக்கப் போவதில்லை. அகலமான மரக்கட்டை வில்லைத் திரும்ப விடாது, மனிதக் கை திரும்ப விடும்.

சரியான வழி எளிது. யாருக்காக வில் செய்கிறோமோ அவர் எப்படிப் பிடிப்பார் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அம்பு பொருந்தும் இடத்தை நாணில் நூலால் சுற்றிக் குறிக்க வேண்டும். ஒன்று மேலே இரண்டு கீழே என்றால் அந்தக் குறிக்கு 1 சென்டிமீட்டர் கீழே கொக்கி. மூன்றும் கீழே என்றால் 3 சென்டிமீட்டர் கீழே. கைப்பிடியைத் தாங்கும் கட்டையும் அகலமாக இல்லாமல், பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டில் எங்கே அழுத்தம் விழுமோ அந்த ஓர் இடத்தை மட்டும் தாங்குகிற குறுகலான, உருண்டையான கட்டையாக இருக்க வேண்டும். அப்போது வில் கையில் திரும்புவது போலவே சுவரிலும் திரும்பும். சுவரில் ஒரு நேர்கோடு வரைந்து வைத்துக்கொண்டால், இழுக்கும்போது கொக்கி அந்தக் கோட்டிலேயே வருகிறதா, மேலேயோ கீழேயோ விலகுகிறதா என்று தெரியும். மேலே விலகினால் மேல்தண்டு விறைப்பு, அதைச் சுரண்டு. கீழே விலகினால் கீழ்தண்டு விறைப்பு. தண்டின் வளைவைப் பார்ப்பதைவிடக் கொக்கியின் பாதையைப் பார்ப்பதே நம்பகமானது. கண் வளைவில் ஏமாறும், கோட்டில் ஏமாறாது.

விரலே இல்லாத வில்லும் மதுரைக்குத் தெரிந்த ஒன்றுதான். சிலப்பதிகாரம் மதுரைக் கோட்டை மதில் மேலிருந்த போர்ப்பொறிகளை அடுக்கிச் சொல்லும் இடத்தில் வளைவிற்பொறி வருகிறது. தானே வளைந்து எய்யும் எந்திர வில் என்று அதற்கு உரை. இயந்திர வில்களில் பொதுவாகக் கொளுவி ஒன்று நாணை நட்ட நடுவில் பிடிக்கிறது. அம்பும் நடுவில்தான். முஷ்டியும் இல்லை, விரலும் இல்லை. இரண்டு பக்கமும் சரிசமமாக வளைவதுதான் அங்கே சரி. சம டில்லர் என்பது அடிப்படையில் பொறிக்கு ஏற்ற அளவு. மனிதன் இழுக்கும்போது அதிலிருந்து விலக வேண்டியிருக்கிறது, எவ்வளவு விலகுவது என்பதை விரல் சொல்கிறது.

விரல் வைக்கும் முறைகளும் இந்த இரண்டோடு முடிவதில்லை. அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ் ஜப்பானில் பணியாற்றியவர். உலகின் பல மக்கள் நாணை எப்படிப் பிடித்து விடுகிறார்கள் என்று 1885இல் அவர் எழுதிய கட்டுரைதான் இன்றும் இந்த வகைப்பாட்டுக்கு அடிப்படை. அம்பின் வாலையே பெருவிரலுக்கும் மடித்த ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கிள்ளிப் பிடித்து இழுப்பது மிகப் பழைய முறை. குழந்தைகள் ஈர்க்குக் குச்சியை அம்பாக்கி விளையாடும்போது தானாகவே இப்படித்தான் பிடிக்கும். இழுவையின் மையம் இதில் அம்பின் மேலேயே விழுகிறது, அதாவது நாம் பார்த்ததிலேயே மிக உயரமான இடத்தில். அதனால் மேல்தண்டு இளக்கமாக இருப்பது இதற்கு இன்னும் அவசியம். ஆனால் கிள்ளுப்பிடியில் அதிக பலத்தை இழுக்க முடியாது. வில்லும் இளக்கமாகவே இருக்கும், பிழை பெரிதாகத் தெரியாது.

மங்கோலியர், துருக்கியர், பாரசீகர், சீனர் கையாண்டது பெருவிரல் இழுப்பு. நாணைப் பெருவிரலால் கொக்கியிட்டு, ஆள்காட்டி விரலால் அதைப் பூட்டி இழுப்பார்கள். முகலாய அரண்மனையில் பச்சைக்கல்லில் இழைத்துச் செய்த பெருவிரல் மோதிரங்கள் இதற்காகத்தான். மூன்று விரல் பரவிப் பிடிக்கும்போது விரல்களுக்குள் பலம் எப்படிப் பிரிகிறது என்பதைப் பொறுத்து இழுவையின் மையம் கொஞ்சம் அலையும். பெருவிரலில் அந்த அலைச்சல் இல்லை. அம்புக்கு நேர் கீழே ஒரே புள்ளி. முழுதாக இழுத்த நிலையில் நாண் கூர்மையாக மடியும் குட்டை வில்களுக்கும் இதுவே பொருந்தும். மூன்று விரல் அங்கே நசுங்கும்.

ஏகலைவன் கதையை இந்த அறிவோடு படித்தால் துரோணர் ஏன் பெருவிரலைக் கேட்டார் என்பது தெளிவாகும். மூன்று விரலால் நாணை இழுக்கும் முறையில் பெருவிரல் சும்மா மடங்கிக் கிடக்கும். அதை இழந்தாலும் எய்யலாம். பெருவிரலால் இழுப்பவனுக்கும் கிள்ளிப் பிடிப்பவனுக்கும்தான் அது உயிர். பெருவிரல் போன பிறகு ஏகலைவன் மற்ற விரல்களால் எய்தான், பழைய வேகம் இல்லை என்று பாரதம் சொல்கிறது. பழகிய இழுவை முறையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அது துல்லியமான விவரம். விரல் மாறினால் அந்த விரலுக்காக அமைந்த வில்லும் அவனுக்கு ஒத்துழைத்திருக்காது என்று நான் சேர்த்துக்கொள்வேன். இது என் ஊகம், பாரதத்தில் இல்லை.

கைப்பிடியை எங்கே வைப்பது என்பதிலும் உலகம் பல வழிகளில் போயிருக்கிறது. ஆங்கில நெடுவில்லில் அம்பு புறப்படும் இடம் மையத்துக்கு ஓர் அங்குலம் மேலே, கைப்பிடி அதிலிருந்து கீழ்நோக்கி இறங்கும். இதனால் கீழ்தண்டு மேல்தண்டைவிடக் குட்டை, அதனால் அதை விறைப்பாகச் செய்வார்கள். ஜப்பானிய யூமி இன்னும் ஒரு படி மேலே போனது. இரண்டு மீட்டருக்கும் மேல் நீளமான அந்த வில்லில் கைப்பிடி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கிறது. மேல்தண்டு கீழ்தண்டைப் போல இரு மடங்கு. பார்ப்பதற்கு ஒரு பக்கம் சாய்ந்த வில், எய்யும்போது நிதானமான வில். இரண்டு தண்டும் ஒரே நீளம், ஒரே வளைவு என்ற எண்ணத்தை யூமி முழுதாக உடைக்கிறது. நாண் விட்டதும் இரண்டு நுனியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றனவா என்பதே வில்லுக்கு அளவுகோல். ஒன்று முந்தினால் நாண் மேலேயோ கீழேயோ துள்ளி, அம்பின் வாலைத் தூக்கிவிடும்.

நம் பக்கத்துப் பழைய வில்கள் எந்தப் பொருளால் ஆனவை என்பதற்கு அர்த்தசாஸ்திரம் ஒரு பட்டியல் தருகிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. நெய்தலிலும் சமவெளியிலும் பனையின் கறுத்த வைரம் எளிதில் கிடைத்திருக்கும். பனை வைரத்தில் நார்கள் நீளவாக்கில் ஓடுகின்றன, குறுக்குப் பிடிப்பு குறைவு. அதனால் விரலுக்கும் டில்லருக்கும் உள்ள பொருத்தம் தவறினால் மூங்கிலைவிட அது சீக்கிரம் பிளக்கும் என்று எதிர்பார்க்கலாம். பொருந்தாத வில்லில் ஒரு தண்டு எப்போதும் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. மூங்கில் அதை நிரந்தர வளைவாக வாங்கிக்கொள்ளும். நாணைக் கழற்றிய பிறகும் ஒரு பக்கம் நிமிராமல் வளைந்தே நிற்கும் வில்லைப் பார்த்தால், அந்தத் தண்டுதான் அளவுக்கு மீறி வளைந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

அழகர்கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் மன்மதனையும் ரதியையும் பார்த்திருப்பீர்கள். மன்மதன் கையில் கரும்பு வில். கரும்பும் மூங்கிலைப் போல அடியில் பருத்து நுனியில் மெலிவது. கரும்பு வளைந்து நிமிரக்கூடிய பொருள் அல்ல, அது காவியத்து வில். ஆனாலும் சிற்பங்களிலும் தேர்ச் சிலைகளிலும் வில்லைப் பார்க்கும்போது மேல்பாதியும் கீழ்பாதியும் எப்படிக் காட்டப்பட்டிருக்கின்றன, நாணை எந்த விரல் தொடுகிறது என்று கவனிப்பது நல்ல பழக்கம். மதுரைச் சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு முந்தைய நாள் திக்குவிஜயத்தில் மீனாட்சி போருக்குப் புறப்படுகிறாள். அடுத்த முறை அந்த ஊர்வலத்துக்காக மாசி வீதியில் நிற்கும்போது விரலையும் பாருங்கள்.

சரி, கடையில் வாங்கிய வில்லுக்கு என்ன செய்வது? மரத்தின் மேல் கண்ணாடியிழை ஒட்டிய வில்லைச் சுரண்ட முடியாது. அப்படிப்பட்ட வில்கள் பெரும்பாலும் ஒன்று மேலே இரண்டு கீழே பிடிப்பதற்காக, சிறிய பாசிட்டிவ் டில்லரோடு வருகின்றன. மூன்றும் கீழே பிடிப்பவர் அதை வாங்கினால் பயப்பட வேண்டாம். சில மில்லிமீட்டர் வித்தியாசம் ஆளையும் கெடுக்காது, வில்லையும் கெடுக்காது. 25, 30 பவுண்டு பயிற்சி வில்லில் அது தெரியக்கூட தெரியாது. அம்பு பொருந்தும் இடத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் பெரும்பாலான தொல்லை தீரும். மூன்று விரலும் கீழே இருக்கும்போது அம்பின் வால் நாணில் இடம் விட்டு நழுவப் பார்க்கும். அதற்கு அம்பின் வாலுக்கு மேலும் கீழும் இரண்டு நூல் முடிச்சு போடுவது நல்லது. தண்டுகளைக் கழற்றி மாட்டக்கூடிய வில்லில் கைப்பிடியின் இரு முனைகளிலும் உள்ள திருகாணியைத் திருகியே டில்லரை மாற்றலாம். ஒரே திருகாணியைத் திருகினால் வில்லின் பலமும் மாறும். எனவே ஒரு பக்கம் கால் சுற்று இறுக்கினால் மறுபக்கம் கால் சுற்றுத் தளர்த்துங்கள்.

குறியின் தூரத்துக்கு ஏற்ப நாணில் விரலை வேறு வேறு இடத்தில் வைத்து எய்பவர்களும் உண்டு. பேர்போ என்று உலக வில்வித்தைச் சங்கம் அழைக்கும் பிரிவில் இது அனுமதிக்கப்பட்ட முறை. குறி கிட்டத்தில் இருந்தால் விரல் அம்பிலிருந்து பல சென்டிமீட்டர் கீழே போகும். தூரம் கூடக் கூட மேலே ஏறும். கீழே போகும்போது இழுவையின் மையம் நாணின் மையத்தையும் தாண்டிக் கீழே இறங்குகிறது. நாம் இதுவரை பார்த்த கணக்கு தலைகீழாகிறது, கீழே நாண் குட்டை, மேலே நெட்டை. இந்தப் பிரிவில் எய்பவர்கள் சம டில்லரோ சிறிய நெகட்டிவ் டில்லரோ வைப்பதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு எல்லாத் தூரங்களுக்கும் முழுதாகப் பொருந்துகிற டில்லர் கிடையாது. அடிக்கடி எய்யும் தூரத்துக்குப் பொருந்துகிறபடி வைத்துக்கொள்கிறார்கள்.

இந்திய வில்வித்தைச் சங்கம் நடத்தும் இந்தியன் ரவுண்டு போட்டி மூங்கில் வில்லுக்கானது, 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் எய்வது. நம் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு வில் சொல்லிக்கொடுப்பவர்கள் அந்த வில்லில் தொடங்கட்டும் என்பேன். விலை குறைவு, பிழை செய்தாலும் மறுபடி சுரண்டலாம், மேல் எது கீழ் எது என்று பிள்ளைக்கு முதல் நாளிலேயே தெரிந்துவிடும். அதற்காகவே மேல்நுனியில் ஒரு சிவப்பு நூல் சுற்றி வையுங்கள். அம்பு வைக்கத் தனித் திண்டு இல்லாத வில்லைத் தலைகீழாகப் பிடித்தும் எய்துவிட முடியும். பாசிட்டிவாகச் செய்த வில் அப்போது நெகட்டிவாகிவிடும், பிள்ளை காரணம் புரியாமல் தவிக்கும்.

இடது கை மறக்கப்படுகிறது. கைப்பிடியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை அழுத்திப் பிடித்தால் அழுத்தம் கீழே இறங்குகிறது. வில்லின் மையத்திலிருந்து கை கீழே போனதால் கீழ்தண்டின் மேல் பாரம் கூடும். மணிக்கட்டை உயர்த்தி, கவட்டில் மட்டும் அழுத்தம் விழும்படி பிடித்தால் அது மேலே ஏறும். ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரியும் சாயங்காலம் களைத்துப்போய் இன்னொரு மாதிரியும் பிடித்தால், காலையில் நன்றாக இருந்த வில் சாயங்காலம் சாய்கிறது போலிருக்கும். வலது கையிலும் இதே கதைதான். களைத்துப்போனால் முதலில் தளர்வது மோதிர விரல். அது தளர்ந்ததும் இழுவையின் மையம் மேலே நகர்கிறது. மூன்று விரலும் நாணைச் சமமாகச் சுமக்கின்றனவா என்று பார்க்க, எய்து முடித்ததும் தோல் விரலுறையில் நாண் பதிந்த தடத்தைப் பாருங்கள். மோதிர விரலுக்கு நேரே தடம் ஆழம் குறைவாக இருந்தால் டில்லரைத் தொடுவதற்கு முன் விரலைத் திருத்துங்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று, அம்பு வைத்து, பாதுகாப்பான திசையில் வில்லை மெதுவாக இழுங்கள். யாரையாவது செல்போனில் படம் எடுக்கச் சொல்வது இன்னும் நல்லது, அவர் வில்லுக்குப் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும், முன்னால் அல்ல. கைப்பிடியில் செங்குத்தாக ஒரு கோடு வரைந்துகொள்ளுங்கள். பாதி இழுப்பிலும் முழு இழுப்பிலும் அந்தக் கோடு செங்குத்தாகவே இருந்தால் உங்கள் விரலும் வில்லும் பொருந்தியிருக்கின்றன. மேல்நுனி உங்கள் பக்கம் சாய்ந்தால் மேல்தண்டு உங்கள் விரலுக்கு விறைப்பு. எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கீழ்தண்டு விறைப்பு. இழுத்த நாணை அப்படியே மெல்ல முன்னால் கொண்டுபோய் இறக்குங்கள். அம்பில்லாமல் நாணை விட்டுவிட்டால், அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் தண்டுகளுக்குத் திரும்பி வில்லை உடைத்துவிடக்கூடும்.

மூங்கில் வில்லில் சோதனை இப்படிச் சாய்வைக் காட்டினால், விறைப்பான தண்டின் வயிற்றுப் பக்கம் முழுநீளத்துக்கும் கண்ணாடிச் சில்லால் சமமாக நாலைந்து இழுப்பு சுரண்டுங்கள், ஒரே இடத்தில் அல்ல. உடனே அளக்க வேண்டாம். முப்பது தடவை பாதி வரை இழுத்து மெல்ல இறக்கியபின் அளந்தால்தான் உண்மை அளவு தெரியும். மதுரை வெயிலில் மார்ச் முதல் ஜூன் வரை மூங்கில் காய்ந்து விறைக்கும். ஐப்பசி மழையில் ஈரம் குடித்துத் தளரும். இரண்டு தண்டும் ஒரே அளவு தளர வேண்டும் என்று கட்டாயமில்லை. அதனால் சித்திரையில் சரிபார்த்த டில்லரைக் கார்த்திகையில் இன்னொரு முறை அளந்து, இரண்டு எண்ணையும் கைப்பிடியின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். வில்லை நாண் ஏற்றியபடி சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். நாணை இறக்கி, நிழலில், இரண்டு ஆணிகளின் மேல் படுக்கவையுங்கள்.